436-ஆவது ரேங்க் பையன்: பேர் தெரியாத வெளிநாட்டு ரெக்ரூட்டை எப்படி எடை போடறது? ஸாக் ஈடியை வச்சுப் பேசலாம்

லஃபயெட்_ரவி

ஏப்ரல் மே வந்தாலே இதே கதைதான். நம்ம காலேஜ் பாஸ்கெட்பால் டீம் லாட்வியாலேர்ந்தோ மாலியிலேர்ந்தோ ஒரு பையனை எடுத்திருக்காங்கன்னு நியூஸ் வரும், எல்லாரும் ஓடிப்போய், ஹை ஸ்கூல் பசங்களுக்கு ரேங்க் போடற 247 சைட்ல பேரைத் தேடுவாங்க, ரேங்க் இருக்காது, ஸ்டார் இருக்காது, யூட்யூப்ல ரெண்டு மூணு நிமிஷ ஹைலைட்ஸ் மட்டும் கிடக்கும், அதைப் பாத்துட்டு பாதி பேர் என்பிஏ ஸ்டார் யோகிச் மாதிரி அடுத்த ஆள் இவன்தான்னு குதிப்பாங்க, மீதி பேர் ஸ்காலர்ஷிப்பே தண்டம்னு திட்டுவாங்க. ரெண்டு கோஷ்டியும் பையன் ஒரு முழு மேட்ச் ஆடிப் பாத்திருக்க மாட்டாங்க.

நான் இண்டியானால பர்டூ காலேஜ் பக்கத்துலயே இருக்கறதால, கனடாலேர்ந்து அங்க வந்த சென்டர் ஸாக் ஈடி கதையை ஆரம்பத்துலேர்ந்து பாத்தேன். 2020 பேட்ச், ரேங்க் 436. அந்த வருஷம் நம்ம ஊர் ரசிகர்கள்லயே பல பேர் இவன் ரெண்டு வருஷம் பெஞ்ச்ல உக்காந்துட்டு வேற காலேஜுக்குப் போயிடுவான்னுதான் பேசிக்கிட்டாங்க. அவன் என்னடான்னா 2023, 2024 ரெண்டு வருஷமும் நேஷனல் ப்ளேயர் ஆஃப் த இயர் வாங்கினான், ரால்ஃப் சாம்ப்சனுக்கு அப்புறம் அதைத் தொடர்ந்து ரெண்டு தடவை வாங்கின ஆளே இல்ல. சாம்ப்சன் வாங்கினது எண்பதுகளோட ஆரம்பத்துல. அப்புறம் 2024 என்பிஏ டிராஃப்ட்ல, அதாவது ப்ரோ டீமுங்க புதுப் பசங்களை வரிசையா எடுக்கறதுல, மெம்ஃபிஸ் 9-ஆவதா எடுத்தாங்க.

என் கட்சி இதுதான். ரேங்க்ங்கறது எத்தனை பேர் கண்ணுல பட்டான்னு சொல்லுது, எவ்வளவு ஆடுவான்னு சொல்லல. வெளிநாட்டுப் பையனைப் பாக்கும்போது இன்னிக்கு எந்த லெவல்ல நிக்கறாங்கறதை விட எவ்வளவு காலத்துல அங்க வந்து சேந்தான்னு பாருங்க. வேற யாருக்கு என்ன தோணுதோ சொல்லுங்க, விவரமா பேசலாம்.

பிராக்கெட்_பாலா

ரவி அண்ணா, உங்க மேல மதிப்பு இருக்கு, ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. ஜெயிச்சவன் பேரு மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஈடிக்கு பின்னாடி பேரே தெரியாம வந்து பேரே தெரியாம போன உசரமான பசங்க எத்தனையோ பேர். அவங்களுக்கும் "லேட்டா ஆரம்பிச்சான், வேகமா வளர்றான்" னுதான் கோச்சுங்க சொல்லியிருப்பாங்க.

அப்புறம் 7 அடி 4 அங்குலம் இருக்கற பையனை எடுக்க பெரிய கண்ணு ஒண்ணும் வேணாம். உசரத்தைப் பாத்தா யாரும் ஒரு ஸ்காலர்ஷிப் குடுத்துப் பாப்பாங்க. அவன் மத்த உசரமான பசங்க மாதிரி இல்லங்கறதுக்கு 2019-லயே வீடியோல என்ன அடையாளம் இருந்துச்சு, அதைச் சொல்லுங்க. அது இல்லாம இது வெறும் நல்ல கதை.

ஈஸ்ட்யோர்க்_சுதன்

நான் இருக்கிறது டொராண்டோவில. ஈடி படிச்ச லீசைட் ஹை ஸ்கூல் எங்கட பக்கம்தான். பெடியன் சின்னனில ஐஸ் ஹொக்கியும் பேஸ்போலும்தான் விளையாடினவன். ஆர் கண்டாலும் நீ பாஸ்கெட்போல் விளையாடு எண்டுதான் சொல்லுறது, ஆனா அவனுக்கு அதில விருப்பமில்லை. 10ம் வகுப்புக்கு வந்த பிறகுதான் ஒழுங்கா பந்தைத் தொட்டவன். பிறகு நோர்தேர்ன் கிங்ஸ் எண்ட கிளப்பில சேர்ந்து, அதுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில ஐஎம்ஜி அகாடமி எண்ட விளையாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான்.

இஞ்ச ஒண்டை விளங்கிக் கொள்ள வேணும். டொராண்டோவில இண்டைக்கு நல்ல விளையாட்டுக்காரர் கனபேர் இருக்கினம், ஆனா ஒரு சாதாரண அரசாங்கப் பள்ளிக்கூட மட்ச் பார்க்க அமெரிக்காவில இருந்து ஆரும் லேசில வரமாட்டினம். கோடையில கிளப்புகளுக்கிடையில நடக்கிற ஏஏயு சுற்றுப்போட்டியளிலதான் அந்த ரேங்க் எல்லாம் போடுறது. ஆகலும் ஒண்டிரண்டு கோடைதான் அவனுக்குக் கிடைச்சது, மற்றப் பெடியளுக்கு ஏழாம் எட்டாம் வகுப்பில இருந்தே பேர் அடிபடத் தொடங்கியிருக்கும். அப்ப 436 எண்ட இலக்கத்தைப் பார்த்து நான் ஆச்சரியப்படேல்லை.

லஃபயெட்_ரவி

பாலா கேட்டது நியாயமான கேள்வி. என் பதில் கை. சுதன் சொன்ன பேஸ்பால் விஷயம் சும்மா இல்ல. உசரமான பசங்கள்ல பத்துல எட்டு பேருக்கு பந்து கையில நிக்காது, பாஸ் வந்தா விரல்ல பட்டு நழுவும், இல்ல ரெண்டு தடவை தட்டித்தான் பிடிப்பாங்க, அதுக்குள்ள நாலு பேர் சூழ்ந்துடுவாங்க. ஈடி பந்தை வாங்கினா வாங்கினதுதான். தலைக்கு மேல வாங்குவான், தலைக்கு மேலயே வச்சுப்பான், அங்கேர்ந்தே ஒத்தைக் கையை வளைச்சு ஹூக் ஷாட் போடுவான். இதெல்லாம் பிற்பாடு இன்னும் பளிச்சுன்னு ஆச்சு, ஆனா விதை முன்னாடியே இருந்துச்சு.

ரெண்டாவது ஃப்ரீ த்ரோ. மேட்ச்ல ரெண்டு பாயின்ட் பர்சன்டேஜ் எல்லாம் எதிராளி குள்ளமா இருந்தா ஏறிடும், ஆனா ஃப்ரீ த்ரோ லைன்ல எதிராளி கிடையாது, ஊர் மாறினாலும் தூரம் மாறாது. காலேஜ்ல ஈடி எழுபது சதவீதத்தை ஒட்டி போட்டுக்கிட்டே இருந்தான். அதே காலகட்டத்துக்கு கொஞ்சம் முன்னாடி செனகல்லேர்ந்து வந்த டாக்கோ ஃபால் இவனை விடவும் உசரம், நல்ல பையன், யூசிஎஃப் காலேஜ்ல நிஜமாவே நல்லா ஆடினான், ஆனா ஃப்ரீ த்ரோல பாதிகூட விழல. ஆட்டம் நெருக்கமா இருக்கும்போது அவனுக்கு பந்தைக் குடுக்கவே யோசிக்க வேண்டிய நிலைமை.

மூணாவது விஷயம் ரொம்ப பேர் பாக்கலை. முதல் வருஷம் ஈடி சராசரி 8.7 பாயின்ட்தான். ஆனா ஆடினது மேட்சுக்கு 14.7 நிமிஷம். 40 நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டா 24-கிட்ட வருது. அடுத்த வருஷம் 19 நிமிஷத்துல 14.4, அதை 40-க்கு மாத்தினா 30. நேரம் கூடுனா திறமை நீர்த்துப் போகும்னு சொல்வாங்க, இவனுக்கு கூடக் கூட ஏறிச்சு. நேஷனல் அவார்ட் வாங்கினப்ப வாய் பிளந்தவங்க இந்தக் கணக்கை ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டிருக்கலாம்.

கோச்_தேன்மொழி

நான் சென்னைல ஸ்கூல் பொண்ணுங்களுக்கு கோச்சிங் பண்றேன், அமெரிக்க காலேஜ் ரெக்ரூட்டிங் எல்லாம் வெளியேர்ந்து பாக்கறதுதான், ஆனா வீடியோ பாக்கற விதம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்னு நம்பறேன்.

ஹைலைட்ஸை மூடி வைங்க. ஒரே ஒரு முழு மேட்ச், முடிஞ்சா அந்தப் பையன் டீம் தோத்த மேட்ச் எடுங்க. முதல் தடவை பந்தைப் பாக்காதீங்க, அவனை மட்டும் பாருங்க. ஷாட் மிஸ் ஆன அந்த வினாடி என்ன பண்றான்? தலையைத் தொங்கப் போட்டுட்டு நடந்து வரானா, திரும்பி ஓடறானா? மூணாவது குவார்ட்டர் நடுவுல, எல்லாருக்கும் மூச்சு வாங்கற நேரத்துல, ரிம்லேர்ந்து ரிம்முக்கு ஓடற வேகம் முதல் குவார்ட்டர்ல இருந்த மாதிரியே இருக்கா?

அப்புறம் பிக் அண்ட் ரோல் டிஃபென்ஸ், அதாவது எதிர் டீம்ல ஒருத்தன் குறுக்க நின்னு ஸ்க்ரீன் போட்டு, உடனே ரிம் பக்கம் உருண்டு போறதைத் தடுக்கறது. உசரமான பையனை காலேஜ்ல முதல்ல எல்லாரும் சோதிக்கறது இதுலதான். ஸ்க்ரீன் வந்த உடனே அவன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க. முன்கூட்டியே திரும்பினா கார்ட் எதிர்ப்பக்கம் போயிடுவான். திரும்பாம குதிகால் மேல நின்னா அதுவும் போச்சு. நல்ல பையன் முழங்காலை மடக்கி, கையை விரிச்சு, ரெண்டு எட்டு பின்னாடி போயிட்டே பந்து வச்சிருக்கறவனையும் ரோல் ஆகறவனையும் சேத்துக் கண்ணுல வச்சிருப்பான். இது உசரத்தால வர்றதில்ல. காலைக் கவனிச்சு யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும், இல்ல வேற விளையாட்டுலேர்ந்து வந்திருக்கணும்.

அதனாலதான் ஹாக்கி ஆடின விஷயம் எனக்கு முக்கியமாப் படுது. அந்த உசரத்துல இருக்கற உடம்புக்கு சமநிலை வேணும், ஸ்கேட்டிங் பண்ணின காலுக்கு அது கொஞ்சமாவது இருக்கும். டிம் டங்கன் கதையும் அதேதானே. செயின்ட் குரோய் தீவுல நீச்சல்காரர், 1989-ல ஹ்யூகோ புயல் நீச்சல் குளத்தை நாசம் பண்ணின பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார், ஒன்பதாம் வகுப்புல ஆரம்பிச்சு 1993-ல வேக் ஃபாரஸ்ட் போயிட்டார். வேற விளையாட்டு ஆடின பசங்களை நான் எப்பவும் இன்னொரு தடவை உத்துப் பாப்பேன்.

பிராக்கெட்_பாலா

மேடம் சொன்னதை சேவ் பண்ணி வச்சுக்கிட்டேன், அருமை. தோத்த மேட்ச் பாக்கணும்ங்கறது நான் யோசிக்காத கோணம்.

இப்ப நம்பர் பக்கம் வரேன். யூரோப் பசங்களோட ஸ்டாட்ஸ் பாக்கும்போது முதல்ல எந்த டிவிஷன்னு பாக்கணும். உலக பாஸ்கெட்பால் சங்கமான ஃபீபாவோட யூரோப்பியன் யூத் போட்டிகள் ஏ, பி, சின்னு பிரிஞ்சு நடக்குது. பி டிவிஷன்ல 20 பாயின்ட் அடிச்சவனும் ஏ டிவிஷன்ல 11 அடிச்சவனும் பேப்பர்ல பக்கத்துப் பக்கத்துல நிக்கறப்ப ஜனங்க 20-ஐ எடுத்துக்கறாங்க. தப்பு. இன்னொண்ணு, 24 செகண்ட் ஷாட் க்ளாக் அங்க, இங்க ஆம்பளைங்க காலேஜ்ல 30. த்ரீ பாயின்ட் லைன் முன்னாடி வேற வேற தூரம், 2019-20 சீசன்லேர்ந்து காலேஜும் 6.75 மீட்டருக்குப் போயிடுச்சு, அதனால இப்ப த்ரீ பர்சன்டேஜை நேரா ஒப்பிடலாம், அது ஒரு வசதி.

ஆனா ஏ டிவிஷன்ல கலக்கினவனையும் பெரிய காலேஜுங்க கோட்டை விட்டிருக்கு. சான்டி அல்டாமா, ஸ்பெயின்காரன், கிரான் கனேரியா தீவு. 2019 யூரோ அண்டர் 18-ல ஸ்பெயின் தங்கம், போட்டியோட எம்விபியே, அதாவது சிறந்த ஆட்டக்காரனே, இவன்தான். அவன் போய்ச் சேந்த இடம் லயோலா மேரிலாந்து! பேட்ரியட் லீக்ங்கற சின்ன காலேஜ் லீக்! முதல் சீசன் முழங்கால் பிரச்சனையால சரியா ஆடல, ரெண்டாவது சீசன் மேட்சுக்கு 21.2 பாயின்ட், 2021 டிராஃப்ட்ல 30-ஆவது. இன்னிக்கு மெம்ஃபிஸ்ல ஈடிக்குக் கிடைச்ச டீம்மேட் இவன்தான்னு நினைக்கும்போது எனக்கு சந்தோஷமா இருக்கு. யூரோ எம்விபிங்கறது ரகசியம் இல்ல, ரிசல்ட் எல்லாம் ஃபீபா சைட்லயே கிடக்கும். யாரும் சீரியஸா எடுத்துக்கல அவ்வளவுதான்.

ஸ்போக்கேன்_நித்யா

ஸ்போக்கேன்ல இருக்கற கொன்ஸாகா காலேஜ் பக்கத்துலேர்ந்து ஒரு குரல். ரூயி ஹச்சிமுரா எடுத்துக்கோங்க. ஜப்பான்ல தோயாமால பொறந்து செண்டாய்ல ஹை ஸ்கூல் ஆடின பையன். 2014-ல துபாய்ல நடந்த அண்டர் 17 உலகக் கோப்பைல ஜப்பான் டீம் பின்னாடி நின்னுச்சு, ஆனா போட்டியிலேயே அதிகமா ஸ்கோர் பண்ணினவன் இவன், மேட்சுக்கு 22.6. அமெரிக்கா டீமுக்கு எதிராவே 25 அடிச்சான். டாமி லாய்டுன்னு அப்போ எங்க அசிஸ்டன்ட் கோச், இப்ப அரிசோனா ஹெட் கோச், அவர்தான் விடாம பின்னாடி போய் கூட்டிட்டு வந்தார்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. வந்த முதல் வருஷம் மேட்சுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆடல, 2.6 பாயின்ட். பாஷை தெரியாது. டைம் அவுட்ல கோச் படபடன்னு பேசறதை பாதி புரிஞ்சுக்கிட்டு உள்ள போகணும், ஒரு செட் ப்ளே தப்பாப் போனா உடனே வெளிய. அந்த வருஷம் டீம் நேஷனல் ஃபைனல் வரைக்கும் போச்சு, இவன் பெஞ்ச்ல இருந்துதான் பாத்தான். பாத்தவங்க பல பேர் இவன் சரிப்பட மாட்டான்னு முடிவு கட்டினாங்க. மூணாவது வருஷம் 19.7, டிராஃப்ட்ல 9-ஆவது.

அதனால வெளிநாட்டுப் பையனோட முதல் வருஷ நம்பரை உள்ளூர்ப் பையனோட முதல் வருஷ நம்பரோட வச்சுப் பாக்கறது அநியாயம். அவன் புது ஊர், புது சாப்பாடு, புது பாஷை, புது டிஃபென்ஸ் எல்லாத்தையும் ஒரே சமயத்துல கத்துக்கறான். வீட்டுக்கு ஃபோன் பண்ணணும்னாக்கூட அங்க நடு ராத்திரியா இருக்கும். பதினெட்டு வயசுப் பையன் அது.

குவார்ட்டர்_குமார்

வயசைப் பத்தி யாரும் பேசலையே? அண்டர் 18 போட்டியில 18 முடியப் போற பையன் 16 வயசுப் பசங்களை அடிச்சு நொறுக்கியிருப்பான். பொறந்த தேதி பாக்காம ஸ்டாட்ஸ் பாக்கறது வேஸ்ட்.

இன்னொரு விஷயம் எலிஜிபிலிட்டி, அதாவது காலேஜ்ல ஆடத் தகுதி இருக்கான்னு பாக்கறது. 2010-ல கென்டக்கிக்கு வந்த எனஸ் கான்டர் ஞாபகம் இருக்கா, துருக்கிக்காரர், ஃபெனர்பாச்சே கிளப்புகிட்ட செலவுக்கு மேல காசு வாங்கினார்னு, காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏ ஒரு மேட்ச் கூட ஆட விடல. அவ்வளவு எதிர்பார்ப்பு, ஒரு நிமிஷம்கூட யூனிஃபார்ம்ல கோர்ட்ல இறங்கல. இப்ப காலம் மாறிடுச்சு, யூரோப் கிளப்புல ஆடினவங்களே வராங்க, ஆனாலும் பேப்பர் வொர்க் முடியற வரைக்கும் பையன் நம்ம பையன் இல்ல.

ஈஸ்ட்யோர்க்_சுதன்

ரேங்க் இல்லாத கனடாக்காரர் எண்டால், பிறகு என்பிஏ ஸ்டார் ஆன ஸ்டீவ் நாஷைச் சொல்லாமல் விடேலாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில விக்டோரியா. அவற்ற பள்ளிக்கூடக் கோச் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க யூனிவர்சிட்டியளுக்கு எழுதிப் போட்டவர். ஸ்காலர்ஷிப் தாறம் எண்டு சொன்னது ஒரேயொரு இடம், கலிஃபோர்னியாவில சாண்டா கிளாரா. அங்கத்தைய கோச் டிக் டேவி நேர வந்து மட்சைப் பார்த்தவர். வேற ஆரும் இந்தப் பெடியனைக் கண்டிடக் கூடாது எண்டு அவருக்கு ஒரே பதட்டமாம். அதேநேரம் நாஷிட்ட முகத்துக்கு நேரயே, உன்னைப் போல மோசமா டிஃபென்ஸ் விளையாடுற ஆளை நான் கண்டதில்லை எண்டும் சொல்லிப்போட்டார்.

இதுதான் எனக்குப் பிடிச்ச விசயம். குறையை மறைக்கேல்லை. குறை இருக்கு எண்டு தெரிஞ்சுகொண்டே, கை, பார்வை, ஷொட் இந்த மூண்டும் இப்பிடி இருக்கேக்க டிஃபென்ஸைப் பிறகு பார்ப்பம் எண்டு எடுத்தவர். 1993 மார்ச்சில என்சிஏஏ சுற்றுப்போட்டியில 15ம் சீட் (சீட் எண்டால் போட்டிக்கு முதல் குடுக்கிற தர வரிசை) சாண்டா கிளாரா 2ம் சீட் அரிசோனாவை 64-61 எண்டு வெண்டது. கடைசி அரை நிமிசத்தில வரிசையா ஆறு ஃப்ரீ த்ரோ போட்டது முதலாம் வருசப் பெடியன் நாஷ். ரவி அண்ணை சொன்ன ஃப்ரீ த்ரோ கணக்கு இஞ்சயும் சரிவருது பாருங்கோ.

லஃபயெட்_ரவி

சுதன், அந்த டேவி விஷயம் நான் சொல்ல நினைச்சுக்கிட்டிருந்ததுக்கு நேரா கொண்டு வந்து விட்டுடுச்சு. பையனை மட்டும் எடை போட்டா பாதி வேலைதான் முடியுது, எடுக்கற கோச்சையும் எடை போடணும்.

ஈடி வேற எங்கயாவது போயிருந்தா இந்த அளவுக்கு வந்திருப்பானான்னா எனக்கு சந்தேகம். பர்டூ கோச் மேட் பெய்ன்ட்டர் வரிசையா பெரிய உடம்பை வச்சு டீம் கட்டினவர். ஏ.ஜே. ஹாமன்ஸ், அப்புறம் ஐசக் ஹாஸ், அவன் 7 அடி 2, அப்புறம் ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து வந்த மேட் ஹார்ம்ஸ், அவன் 7 அடி 3. எல்லாரும் வெளிய நின்னு த்ரீ போடற சென்டரைத் தேடி அலைஞ்ச காலத்துல இவர் மட்டும் போஸ்ட்ல, அதாவது கூடைக்குப் பக்கத்துல, பந்தைக் குடுத்து ஆடிக்கிட்டிருந்தார். அந்த உடம்புக்கு எவ்வளவு நிமிஷம் குடுக்கணும், எப்ப வெளிய எடுக்கணும், போஸ்ட்ல பந்து எப்படிப் போய்ச் சேரணும், எல்லாம் அந்த டீமுக்கு ஏற்கனவே பழக்கம். 2020-ல ஹார்ம்ஸ் பிஒய்யூ காலேஜுக்குப் போனதும் இடம் காலியாச்சு, ட்ரெவியன் வில்லியம்ஸுக்கு மாத்து ஆளா மேட்சுக்கு 15 நிமிஷம் ஈடிக்குக் கிடைச்சுது. முதல் வருஷம் அப்படியே உக்கார வைக்கலாம்ங்கற பேச்சுகூட இருந்தது.

அடுத்த கோடையில லாட்வியால ரீகாவுல அண்டர் 19 உலகக் கோப்பை. கனடா வெண்கலம், போட்டியோட சிறந்த அஞ்சு பேர்ல ஈடி ஒருத்தன், கூட இருந்தது செட் ஹோம்கிரன், வெம்பன்யாமா, ஜேடன் ஐவி, நிகோலா யோவிச், எல்லாரும் பின்னாடி என்பிஏ போனவங்க. 436-ஆவது ரேங்க் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது! பாலா கேட்ட லெவல் கேள்விக்கு இதை விட நேரான பதில் இல்ல.

அதே மாதிரி ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு கலிஃபோர்னியால செயின்ட் மேரீஸ் காலேஜ். கோச் ராண்டி பென்னெட் அங்க வருஷக்கணக்கா பாலம் கட்டி வச்சிருந்தார், பேட்டி மில்ஸ், டெலவடோவா எல்லாம் அந்த வழியா வந்தவங்கதான். ஜாக் லாண்டேல் மெல்பர்ன் பையன், முதல் ரெண்டு வருஷம் பெரும்பாலும் பெஞ்ச், மூணாவது வருஷம் 16.9, கடைசி வருஷம் 21.1 பாயின்ட் 10.2 ரீபவுண்ட். காத்திருக்கத் தெரிஞ்ச கோச் இல்லாட்டி அவனை ரெண்டாவது வருஷக் கடைசியிலயே வெளிய அனுப்பியிருப்பாங்க. இன்னிக்கு பசங்க சுலபமா காலேஜ் மாறற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் காலத்துல அந்தப் பொறுமை ரெண்டு பக்கமும் குறைஞ்சு போச்சுங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம்.

மூன்றாம்_வரிசை

நம்ம இந்தியப் பசங்க? சத்னம் சிங்?

குவார்ட்டர்_குமார்

சத்னம் ஈடி இருந்த அதே ஐஎம்ஜி அகாடமிதான் ப்ரோ, பஞ்சாப்ல ஒரு சின்ன கிராமத்துலேர்ந்து போனவர். ஆனா காலேஜ் ஆடல, 2015-ல நேரா டிராஃப்ட், டல்லாஸ் 52-ஆவதா எடுத்தாங்க, என்பிஏ மேட்ச் ஆடற வாய்ப்பு வரல. நாலு வருஷம் காலேஜ்ல நிமிஷம் கிடைச்சிருந்தா வேற மாதிரி ஆகியிருக்குமோன்னு இன்னிக்கும் மனசு கேக்கும். அப்புறம் அமான் சந்து, அவனும் பஞ்சாப், என்பிஏ அகாடமி இந்தியாலேர்ந்து அமெரிக்கால மன்மவுத் காலேஜுக்குப் போனான். வழி இருக்குன்னு காமிச்சிருக்கான்.

ஸ்போக்கேன்_நித்யா

காசு விஷயமும் சேத்துக்கணும். 2021-லேர்ந்து என்ஐஎல் வந்துச்சு, அதாவது காலேஜ் பசங்க தங்க பேரையும் படத்தையும் வச்சு சம்பாதிக்கலாம், உள்ளூர்ப் பசங்க விளம்பரத்துல நடிச்சு சம்பாதிக்கறாங்க, ஸ்டூடன்ட் விசாவுல வந்த பையன் அமெரிக்க மண்ணுல அப்படி வேலை செஞ்சா விசாவுக்கே ஆபத்து. ஈடி நாட்டுலயே சிறந்த ஆட்டக்காரர், ஆனா கூட ஆடற பையன் வாங்கற விளம்பரக் காசை அவர் அதே மாதிரி வாங்க முடியல, அதை அவரே வெளிப்படையா பேசியிருக்கார். காங்கோக்காரர் ஆஸ்கர் ஷிப்வே கென்டக்கில இருந்தப்ப, டீம் 2022-ல பஹாமாஸ் போனப்போ அங்க வச்சு விளம்பர ஷூட்டிங் முடிச்சாங்க, அமெரிக்காவுக்கு வெளியங்கறதால. ஒரு காலேஜ் இதையெல்லாம் யோசிச்சு வக்கீல் வச்சு வழி பண்ணி வச்சிருக்கான்னு பாக்கணும். பையன் நிம்மதியா ஆடறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

பிராக்கெட்_பாலா

எல்லாம் சரி, ஆனா 2023 மார்ச் என்சிஏஏ போட்டியைத் தாண்டிப் போக முடியாது. 1-ஆவது சீட் பர்டூ, 16-ஆவது சீட் ஃபேர்லி டிக்கின்சன்கிட்ட 63-58 தோல்வி. டிவிஷன் ஒண்ணுலயே குள்ளமான டீம் அது. முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்னு நின்னு ஈடிக்கு பந்து போகவே விடல. உசரத்தை நம்பிக் கட்டின டீமுக்கு இதுதான் வரம்புன்னு அன்னிக்கு நான் சொன்னேன், இன்னிக்கும் அந்தக் கவலை எனக்கு இருக்கு. அப்படி ஒரு பையனை எடுத்தா டீம் முழுக்க அவனைச் சுத்திக் கட்ட வேண்டி வருது.

கோச்_தேன்மொழி

பாலா, அந்த மேட்சை நான் ரெண்டு தடவை முழுசாப் பாத்தேன். ஈடி 21 பாயின்ட் 15 ரீபவுண்ட். டீம் த்ரீ பாயின்ட்ல 26 போட்டு 5 விழுந்துது. ரெண்டு பேர் ஒருத்தனை அணைச்சு நின்னா மூணாவது ஆள் காலியா இருக்கான்னு அர்த்தம், அந்தக் காலி ஆள் போடல. அதுவும் போக டர்ன் ஓவர் வேற. இதை சென்டர் தலையில கட்ட முடியாது.

அடுத்த வருஷம் என்ன ஆச்சுன்னு பாருங்க. அதே கோச், அதே பையன், கார்டுங்க ஒரு வருஷம் முதிர்ந்துட்டாங்க, லான்ஸ் ஜோன்ஸ் வந்து சேந்தான், ஃபைனல் வரைக்கும் போனாங்க. டென்னசியோட நடந்த எலைட் எய்ட் (கடைசி எட்டு டீம் ரவுண்ட்) மேட்ச், 72-66, ஈடி 40 பாயின்ட் 16 ரீபவுண்ட். எனக்கு அந்த 40-ஐ விட முக்கியம் கடைசி நிமிஷத்துல வந்த ஒரு ப்ளாக். அன்னிக்கு டென்னசியோட டால்ட்டன் நெக்ட் 37 அடிச்சு நிறுத்தவே முடியாம ஆடிக்கிட்டிருந்தான், உள்ள புகுந்து வரான், ஈடி முன்னாடி பாயல, ஃபவுலுக்கு ஆசைப்பட்டு கையை வீசல, பின்வாங்கிக்கிட்டே வந்து, அவன் பந்தை விட்ட பிறகு மட்டும் கையை நீட்டினான். 38 நிமிஷத்துக்கு மேல ஆடிக் களைச்ச காலோட. நான் மேல சொன்ன குதிகால், முழங்கால் விஷயம் எல்லாம் அந்த ஒரு ப்ளாக்ல இருக்கு. 10-ஆம் வகுப்புல பந்தைத் தொட்ட பையன் அது வரைக்கும் வந்திருக்கான்.

ஃபைனல்ல யூகான் (கனெக்டிகட் யூனிவர்சிட்டி) 75-60 ஜெயிச்சாங்க, ஈடி 37. யூகான் தெளிவா ஒரு முடிவு எடுத்தாங்க, ஈடி அடிச்சுக்கட்டும், த்ரீ போட மத்தவங்களுக்கு இடமே குடுக்கக் கூடாதுன்னு. அங்க பாலா கவலைல நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன்.

புது_சீசன்_தினேஷ்

எல்லாருக்கும் வணக்கம், இவ்வளவு நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். என் கேள்வி நேரடியானது. நான் ஃபாலோ பண்ற ஒரு மிட் மேஜர் டீம், அதாவது பெரிய லீக்ல இல்லாத காலேஜ் டீம், பால்கன் பக்கம் ரெண்டாவது டிவிஷன் சீனியர் லீக்ல ஆடற ஒரு பையனை எடுத்திருக்காங்க. 18 வயசு, 6 அடி 10, மேட்சுக்கு 11 நிமிஷம், 4 பாயின்ட் சொச்சம். ரசிகர் குரூப்ல எல்லாரும் 4 பாயின்ட்டா 4 பாயின்ட்டான்னு ஓட்டறாங்க. எனக்கு ஏதோ இருக்குன்னு தோணுது. எதைப் பாக்கட்டும்?

கோச்_தேன்மொழி

தம்பி, 18 வயசுல பெரிய ஆம்பளைங்க லீக்ல 11 நிமிஷம் ஆடறதே ஒரு தகவல். அங்க 30 வயசுக்காரங்க வேலை போயிடும்னு ஆடறாங்க, சின்னப் பையனுக்கு இரக்கப்பட்டு கோச் நிமிஷம் குடுக்க மாட்டார். மேட்ச் எந்த நேரத்துல உள்ள விடறாங்கன்னு பாரு. 25 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிச்ச பிறகா, இல்ல ரெண்டாவது குவார்ட்டர்ல ஆட்டம் இழுபறியா இருக்கும்போதா.

பிராக்கெட்_பாலா

ஃபவுல் எண்ணிக்கையும் பாரு தினேஷ். 11 நிமிஷத்துல மூணு ஃபவுல்னா இங்க அஞ்சு ஃபவுல்ல வெளிய போறது உறுதி. அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மாசா மாசம் நிமிஷம் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு ஒரு சின்ன டேபிள் போடு. சராசரில அது தெரியாது. ரவி அண்ணா சொல்ற வளர்ச்சி அதுலதான் தெரியும், அந்த விஷயத்துல நான் அவர் பக்கம்தான்.

லஃபயெட்_ரவி

டேபிள் போட்டதும் இங்கயே போடு தினேஷ். அந்த லீக் மேட்சுங்க பல நேரம் கிளப்போட சொந்த யூட்யூப் சேனல்ல முழுசா ஏத்தியிருப்பாங்க, அந்த நாட்டு எழுத்துல கிளப் பேரைப் போட்டுத் தேடினா கிடைக்கும். டீம் தோத்த மேட்ச் ஒண்ணு எடு. மேடம் பிக் அண்ட் ரோல் பாக்கட்டும், நான் கையைப் பாக்கறேன், பாலா நம்பர் பாக்கட்டும். அப்புறம் அந்த கோச் இதுக்கு முன்னாடி வெளிநாட்டு உசரப் பசங்க யாரையாவது எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்திருக்காரான்னு பழைய ரோஸ்டர்ல தேடிப் பாத்து சொல்லு, எனக்கு முதல்ல அதுதான் தெரியணும்.